கோவளத்தில் இரண்டான நட்சத்திர உருண்டை

போன வாரம் மட்டும் என் கைபேசிக்குப் பதினோரு படங்கள் வந்தன. அனுப்பியவர்கள் நான் இருபத்தாறு வருடம் வேலை பார்த்த கடையில் இப்போது இருக்கிற பிள்ளைகள். படத்தில் ஒரு பூகோள உருண்டை, கீழே ஒரு கேள்வி: "மேடம், இதுல சிலோன்னு போட்டிருக்கு. அப்போ பழசுதானே?" கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொள்வதற்குள் அடுத்த செய்தி: "மேடம், கஸ்டமர் வெயிட்டிங்."

சிலோன் என்று போட்டிருந்தால் பழசாகிவிடாது. பழைய உருண்டை ஒன்றைப் பார்த்து யாரும் எப்போதும் அச்சடிக்கலாம். அச்சடிக்கிறார்கள். சிலோன், பர்மா, சயாம் எல்லாம் போட்டு, காகிதத்தை டீத்தண்ணீரில் நனைத்துக் காயவைத்து ஒட்டி, மேலே வார்னிஷ் அடித்து அனுப்புகிறார்கள். மேல் பாதியைத் தூக்கித் திறந்தால் உள்ளே பாட்டில் வைக்கிற இடம் இருக்கும். அதையும் 'ஆன்டிக்' என்றுதான் மேடவாக்கத்து அபார்ட்மென்ட் ஹால்களில் வைக்கிறார்கள். வைக்கட்டும். ஆனால் என்னிடம் கேட்காமல் வைக்கட்டும்.

ஃபோட்டோவைப் பார்த்து வயது சொல்ல முடியாது என்று எத்தனை முறை சொல்வது? கண்ணுக்குத் தெரிகிற விரிசலை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். விரலுக்குத் தட்டுப்படவில்லை என்றால் அது விரிசல் இல்லை, விரிசலின் படம். ஃபோட்டோவில் எதைத் தடவுவது?

"அப்போ ஒரு பக்கத்துக்குள்ள பாயின்ட் பாயின்ட்டா எழுதிக் குடுங்க மேடம்" என்றார்கள். எழுத உட்கார்ந்தேன். பாயின்ட்டாக வரவில்லை. இப்படித்தான் வருகிறது.

நான் பூகோளம் படித்தவள். பள்ளிக்கூட வேலைக்கு மூன்று முறை விண்ணப்பித்துக் கிடைக்காமல், இரும்புலியூரில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்த இந்தக் கடையில் கணக்கு எழுதச் சேர்ந்தேன். பழைய வரைபடம், திசைகாட்டி, தொலைநோக்கி எல்லாம் இருந்தாலும், கடைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது பழைய பூகோள உருண்டைகள்தான். முதல் இரண்டு வருடம் தூசி தட்டினேன். மூன்றாவது வருடம் ஈரத் துணியால் ஒன்றைத் துடைத்து, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையைத் துணியோடு எடுத்துவிட்டேன். அதற்கப்புறம்தான் எனக்கு வேலை கற்றுக்கொடுப்பது அவசியம் என்று சாமுவேல் சாருக்குப் பட்டது.

சாமுவேல் சார் கடையின் சொந்தக்காரர். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் லென்ஸ். சத்தம் போட்டுப் பேச மாட்டார். எதைக் கேட்டாலும் "பார்ப்போம்" என்பார். ஒரு உருண்டை அசலா நகலா என்று கேட்டுக்கொண்டு வந்த ஒருவரைப் பதினோரு நாள் "பார்ப்போம்" என்று அலையவிட்டு, பன்னிரண்டாம் நாள் "நல்லா இருக்கு" என்றார். அவ்வளவுதான். அந்த மனிதர் அழாத குறை. விற்பனைப் பட்டியலில் 'அபூர்வம்' என்று நான் எழுதினால் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு, "நீங்க எத்தனை பார்த்திருக்கீங்க?" என்று கேட்பார்.

உருண்டையைத் தொடுவதற்கு முன் கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றி மேசை இழுப்பறையில் வைப்பார். சோப்புப் போட்டுக் கை கழுவுவார். துண்டில் துடைத்து, மின்விசிறியடியில் கையை நீட்டி ஈரம் போகக் காயவைப்பார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, தொடாமல், பத்து நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். வாங்க வந்தவர் எதிரில் நெளிந்துகொண்டிருப்பார். நான் காபி கொடுத்துச் சமாளிக்க வேண்டும்.

பத்து நிமிடம் ஆனதும் மெதுவாக ஒரு சுற்று விடுவார். நல்ல உருண்டை எங்கே வேண்டுமானாலும் நிற்கும். ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் கீழே வந்து நின்றால் உள்ளே எடை சரியில்லை. பழைய உருண்டைகளின் உள்ளே, சுற்று சமமாக இருப்பதற்காக ஒரு சின்னத் துணி மூட்டையில் ஈயக் குண்டுகளைப் போட்டு ஒட்டியிருப்பார்கள். அப்புறம்தான் லென்ஸ். உலகத்தை அச்சடித்து ஒட்டிய பன்னிரண்டு காகிதக் கீற்றுகளும் சேருகிற இடத்தைத் துருவத்திலிருந்து துருவம் வரை பார்ப்பார். கையால் ஒட்டியதில் கோடுகள் ஒரு மயிரிழையாவது விலகியிருக்கும். எல்லாம் பிசகாமல் சேர்ந்திருந்தால் அவர் முகம் சுருங்கும்.

எல்லாவற்றுக்கும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "இது எங்க இருந்தது?" பொருளைப் பார்க்கும் முன் பொருள் இருந்த இடத்தைப் பார் என்பார். அதைத்தான் நான் கோட்டை விட்டேன்.

மேடவாக்கத்திலிருந்து குமரேசன் என்பவர் ஃபோன் பண்ணினார். நிலம் வைத்திருந்த குடும்பம். இப்போது தண்ணீர் லாரிகள் ஓட்டுகிறார், கட்டடம் கட்டி விற்கிறார். "மேடம், எங்கைல பழைய உலக உருண்டை ஒண்ணு கீது. நீங்க வாங்குவீங்கன்னு சொன்னாங்கோ. வந்து பாக்கறீங்களா?"

போனேன். யாரோ ஒரு டாக்டரின் பழைய வீட்டை, இடித்துவிட்டு ஃபிளாட் கட்டுவதற்காகச் சாமான்களோடு வாங்கியிருந்தார். அதுவரைக்கும் அவரும் அவர் மனைவி செல்வியும் அதில்தான் குடியிருந்தார்கள். உருண்டை முன்னறையில் இருந்தது. பெரிய தர்பூசணி அளவு. மரத் தாங்கி, பித்தளை வளையம், லண்டன் தயாரிப்பாளரின் பெயர், நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய ஆண்டு. சுற்றிவிட்டேன், ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றது. தடவினேன், விரிசல் விரலில் தட்டியது. என் வேலை வாழ்க்கையில் நானே தனியாகப் போய்க் கண்டெடுத்த முதல் பெரிய பொருள். சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பார்வைக்கு எடுத்துப் போவதாக எழுதிக் கொடுத்து, அவர் காரிலேயே கடைக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

சார் கை கழுவிக்கொண்டே கேட்டார். "எங்க இருந்தது?"

"பீரோ மேல இருந்ததை இறக்கி வெச்சாங்களாம் சார்."

"பீரோ மேல எத்தனை தடம்?"

பீரோ இருந்த அறைக்கே நான் போகவில்லை.

"அந்தக் காலத்துல இதை ரெண்டு ரெண்டாத்தான் வாங்குவாங்க. பூமி ஒண்ணு, வானம் ஒண்ணு. போய்ப் பார்த்துட்டு வாங்க."

பாராட்டுவார் என்று நினைத்தேன். தூசியில் தடம் பார்த்துவிட்டு வா என்கிறார். கோபத்தில் நான் உடனே போகவில்லை. முதலில் மழை என்று சொன்னேன், பிறகு கணக்கு முடிக்க வேண்டும் என்று சொன்னேன். இரண்டு வாரம் கழித்துத்தான் போனேன். நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தால், பீரோ மேல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சுத்தமான வட்டங்கள்.

"ஓ, அதுவா?" என்றார் குமரேசன். "இன்னொண்ணு இருந்துச்சு மேடம். ஆனா அது உலகம் இல்ல. அதுல ஊரே கெடையாது. பாம்பு, தேளு, நண்டு, சிங்கம், அதான் கீது. ஒரு ஆளு பாம்பைப் புட்சிகினு நிக்கறான்."

"அது நட்சத்திர உருண்டை" என்றேன். "வானத்துல இருக்கற நட்சத்திரக் கூட்டத்தையெல்லாம் அப்படித்தான் வரைவாங்க. எங்கே அது?"

செல்வி சமையலறையிலிருந்து வந்தார். "நான்தான் மேடம் வெளிய அனுப்பிட்டேன். அந்த டாக்டருக்கு யாரோ எதையோ வெச்சுட்டாங்கன்னு நெனச்சேன். அத்த வூட்ல வெச்சுகினு எப்டி தூங்கறது? டிரைவர் அருளுகிட்ட குடுத்து எங்கயாச்சும் போட்ருன்னு சொன்னேன்."

"எப்போ?"

"போன ஞாயித்துக்கெழம. அதுவரிக்கும் கொல்லப்பக்கம் வராந்தாலதான் கெடந்துச்சு."

சார் சொன்ன அன்றைக்கே நான் வந்திருந்தால் அது அந்த வராந்தாவிலேயே இருந்திருக்கும். என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அருள் கோவளத்துக்காரர். அன்று அவருக்கு விடுமுறை. பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. மணலில் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் தண்ணீர்க் குடம் ஒன்று அழகான நாலு கால் தாங்கியின் மேல் உட்கார்ந்திருந்தது. கடைந்தெடுத்த கால்கள். எங்கள் கடையில் இருந்த தாங்கியின் அதே கால்கள்.

அருள் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் தொங்கிப்போயிற்று.

"பேஜாராப் பூட்ச்சே மேடம். இத்தத் தேடிகினு வருவாங்கன்னு எனக்குத் தெரியாது. உள்ள கலகலன்னு சத்தம் வந்துச்சு. டாக்டர் வூட்டு ஜாமான், உள்ள பவுனு கிவுனு இருக்கும்னு நெனச்சு..."

"நெனச்சு?"

"மீன் வெட்ற கத்தியால நடுவுல ஒரு சுத்து போட்டேன்."

சரியாகப் பூமத்தியரேகை மாதிரி, நடுவில். அதைச் செய்தவர்களும் இரண்டு பாதியாகச் செய்து அங்கேதான் ஒட்டியிருந்தார்கள். கத்தி சுலபமாக இறங்கியிருக்கும்.

"பார்த்தா பவுனு இல்ல மேடம். துணி மூட்டை கிழிஞ்சு ஈயக் குண்டா கொட்டிச்சு."

"அந்த ஈயம் எங்கே?"

அருள் கடலைக் காட்டினார். "தோ, அண்ணன் போட்ல கீது. உருக்கி வலைக்குக் கட்டிட்டாரு."

மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அருளின் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், அந்தக் குடத்திலிருந்துதான். ஒரு பாதி உருண்டை வீட்டுக்குள் வெங்காயத்தோடு இருந்தது. இன்னொரு பாதியைக் கவிழ்த்து, மேலே கல் வைத்து, உள்ளே கோழிக்குஞ்சுகளை அடைத்திருந்தார்கள். எடுத்துப் பார்த்தேன். உள்பக்கம் எல்லாம் எச்சம். வெளியே தேளின் கொடுக்குப் பக்கத்தில் கல் அழுத்திய பள்ளம்.

அவர்கள் ஒரு காசு கேட்கவில்லை. குடத்தை இறக்கித் தாங்கியைக் கழுவிக் கொடுக்க வேறு வந்தார் அந்த அம்மாள். "தண்ணி ஊத்தாதீங்கம்மா!" என்று நான் போட்ட கூச்சலில் குஞ்சுகள் சிதறி ஓடின. சுற்றிக்கொண்டு போக அருளே ஒரு பழைய போர்வை கொடுத்து, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தார். பஸ்ஸில் மடியில் ஒரு பாதி, காலடியில் ஒரு பாதி. கண்டக்டர் "இன்னாம்மா இது, லக்கேஜா?" என்றார். நான் போர்வையை இன்னும் இறுக்கிச் சுற்றினேன்.

சார் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கை கழுவினார், காயவைத்தார், பார்த்தார். அதே தயாரிப்பாளர், தாங்கியில் அதே கடைசல், அச்சிட்ட ஆண்டும் அதே ஆண்டு. ஜோடி. தனித்தனியாக விற்பதைவிட ஜோடியாக விற்றால் மூன்று மடங்கு கிடைக்கும். பெங்களூரில் ஒரு ஹோட்டலுக்கு அலங்காரம் செய்கிற பெண்மணி ஒருவர், பிளவை ஒட்டிச் சரிசெய்து கொடுத்தால் ஜோடியை எடுத்துக்கொள்வதாக ஃபோனிலேயே ஒப்புக்கொண்டார். குமரேசனிடம் சொன்னேன். குஷியாகிவிட்டார். நானும்தான். என் இரண்டு வாரத் தாமதம் அதோடு மறைந்துவிடும்.

ஒட்டக் கொடுப்பதற்கு முன் உள்பக்கத்தைச் சுத்தம் செய்யும்போதுதான் சார் டார்ச்சை உள்ளே அடித்தார். அந்தக் காலத்தில் உருண்டையின் கூட்டைக் கழிவுக் காகிதத்தைப் படலம் படலமாக ஒட்டித்தான் செய்வார்கள். அதற்கு மேல் சுண்ணப் பூச்சு, அதற்கு மேல்தான் அச்சிட்ட கீற்றுகள். உள்ளே யாரோ கிழித்துப் போட்ட காகிதங்கள் கன்னாபின்னாவென்று ஒட்டியிருந்தன. சார் வெகுநேரம் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். ஒரு ஆங்கிலப் பஞ்சாங்கத் தாளின் மூலை. அதில் ஆண்டு இருந்தது. பூமி உருண்டையின் ஆண்டைவிட நாற்பது வருடம் பிந்தியது.

"வெளியே அதே ஆண்டுதானே சார் போட்டிருக்கு?"

"ஊர்ப் பேர் மாறும், எல்லை மாறும். நட்சத்திரம் மாறாது. அதனால பழைய அச்சுத் தகட்டையே வெச்சு நாற்பது வருஷம் அச்சடிச்சிருக்காங்க. ஜோடியில வானம் உடைஞ்சு போயிருக்கும். பின்னாடி யாரோ அதே மாதிரி ஒண்ணு வாங்கி வெச்சிருக்காங்க. இது ஜோடி இல்லை, விமலா."

அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது அபூர்வம். சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டுப் போகட்டும், இந்த இடத்தில் அந்தச் சொல் சரிதான்.

எனக்கு அப்படியொரு ஆத்திரம் வந்தது. "சார், அருள் கத்தி வைக்கலைன்னா இது நமக்கே தெரிஞ்சிருக்காது. நாளைக்கு ஒட்டிட்டா மறுபடியும் யாருக்கும் தெரியாது. வாங்கறவங்களுக்குக் குடுக்கற விவரத்தாள்ல வெளியே போட்டிருக்கற ஆண்டை அப்படியே எழுதப் போறோம். அதுல ஒரு வார்த்தை பொய் இல்லையே?"

சார் மோதிரத்தைப் போட்டுக்கொண்டார். "சரி. நீங்களே எழுதுங்க. என்ன எழுதினாலும் நான் கையெழுத்துப் போடறேன்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. முடியாது என்று சொல்வார், சண்டை போடலாம், தோற்றுப்போய் வீட்டுக்குப் போகலாம் என்றிருந்தேன். அந்த மனிதர் பேனாவை என் பக்கம் தள்ளிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்.

இரண்டு தாள் கிழித்தேன். முதல் தாளில் 'ஜோடி' என்று எழுதினேன். எழுதியதைப் படித்தால் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் கீழே அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பார்த்ததும் கை ஓடவில்லை. இரண்டாவதில் 'ஜோடி போன்றது'. அது இன்னும் கேவலமாக இருந்தது. கடைசியில் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன்: கூட்டின் ஆண்டு, கத்தி, கோவளம், ஈயம் இல்லாதது, கோழிக்குஞ்சு உட்பட. சார் வந்து படித்தார். ஒரே ஒரு ஒற்றுப் பிழையைத் திருத்தினார். கையெழுத்துப் போட்டார். எனக்கு அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

பெங்களூர்ப் பெண்மணி இரண்டையுமே வேண்டாம் என்றுவிட்டார். குமரேசனிடம் சொல்ல நேரில் போனேன். கத்தினார். "ஜோடி ஜோடின்னு சொன்னது யாரு மேடம்? நீங்கதானே? இன்னிக்கு வந்து இல்லன்னா இன்னா அர்த்தம்?"

"நான்தான் சொன்னேன். தப்பு என் மேலதான்" என்றேன். முதல் நாள் பீரோ மேல் பார்க்காமல் போனதையும் சொன்னேன். பார்த்திருந்தால் உருண்டை முழுசாக இருந்திருக்கும் என்பதையும் சொன்னேன்.

 அவர் உள்ளே திரும்பி, "ஏய் செல்வி, இந்தம்மா நம்மகூட பிசினஸ் பண்ண வந்துகினு அவங்க தப்பையெல்லாம் அவங்களே சொல்லிகினு கீறாங்க, வந்து பாரு" என்றார். பூமி உருண்டையை நீங்களே நல்ல விலைக்கு விற்றுக் கொடுங்கள், அந்த உடைந்ததை வீட்டுப் பக்கம் மட்டும் கொண்டுவராதீர்கள், கடையிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று முடித்துவிட்டார். பூமி நான்கு மாதத்தில் போயிற்று.

வானத்தை யாரும் சீண்டவில்லை. ஒட்ட வேண்டாம் என்று சார் சொல்லிவிட்டார். இரண்டு பாதியும் என் மேசைக்கு எதிரே அலமாரியில் ஆறு வருடம் இருந்தன. வருகிறவர்கள் எல்லாரும் "ஐயோ, ஏன் இப்படி?" என்று கேட்பார்கள். நான் முழுக் கதையும் சொல்வேன். சிரித்துவிட்டு வேறு எதையாவது வாங்கிக்கொண்டு போவார்கள்.

நான் ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கும்போது பெருங்களத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். காகித ஆலையில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். உருண்டைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் எழுதி வைத்திருந்த விவரத்தாளை இரண்டு முறை படித்தார். "ரெண்டு பாதியும் எனக்கு வேணும்" என்றார். பேரம் பேசவில்லை.

நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து, தாங்கியில் விட்டுப்போன ஒரு திருகைக் கொடுக்க மறுபடி போனேன். கண்ணாடி அலமாரிக்குள் இரண்டு பாதியையும் உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி வைத்திருந்தார். தேள், சிங்கம், பாம்புக்காரன் எல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. எனக்குப் பொறுக்கவில்லை.

"சார், திருப்பி வெச்சீங்கன்னா நட்சத்திரம் எல்லாம் தெரியும்."

"அது மத்த உருண்டையிலயும் இருக்குமே மேடம். இது இதுல மட்டும்தானே இருக்கு? இங்க வாங்க, இந்த டார்ச்சைப் பிடிங்க. நேரா அடிக்காதீங்க, சாய்ச்சு... இன்னும் சாய்ச்சு."

சாய்த்தேன். நேராக அடித்தபோதெல்லாம் வெறும் பழுப்பாகத் தெரிந்த இடத்தில், ஒரு குழந்தையின் கையெழுத்துப் பயிற்சித் தாள் மெல்ல எழுந்து வந்தது. கோடு போட்ட தாளில் ஒழுக்கத்தைப் பற்றிய ஒரே ஆங்கில வாக்கியம், திரும்பத் திரும்ப. முதல் வரி முத்து முத்தாக இருந்தது. இரண்டாவது கொஞ்சம் சாய்ந்தது. நாலாவதில் மை கொட்டியிருந்தது. ஐந்தாவது வரியில் பாதியிலேயே எழுதுவதை நிறுத்திவிட்டு, அந்தப் பிள்ளை ஒரு வாத்து வரைந்திருந்தது. நல்ல கொழுத்த வாத்து, திறந்த அலகு.

"பாத்தீங்களா?" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி, வாத்து பறந்துவிடும் என்பதுபோல.

ஆறு வருடம் அந்தப் பாதி என் மேசைக்கு நேர் எதிரே இருந்தது. நான் ஒரு நாளும் அதைப் பார்க்கவில்லை. சாரும் பார்க்கவில்லை. நாங்கள் ஆண்டைத்தான் தேடினோம். "டார்ச்சை ஆட்டாதீங்க மேடம்" என்றார் அவர். இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டேன்.